ஆயக்காரரும் கலாலும்: நீலகிரியில் நான்கு நாள்

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர்

நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். போன மாதம் இங்கிலாந்துக் கிராம வாழ்க்கை பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் பொழுது சாய்ந்தால் ஊர்க்காரர்கள் எல்லாம் ‘பப்ளிகன்’ ஒருவரிடம் போய் உட்காருகிறார்கள். பப்ளிகன் என்றதும் மிஷன் பள்ளியில் படித்த காலத்து வேதாகம வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. யோசிக்காமல் ‘ஆயக்காரர்’ என்று போட்டு அனுப்பினேன். திருத்துபவர் சிவப்பு எழுத்தில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: “சாயங்காலம் ஆனா ஊரே சந்தோஷமா வரி கட்டப் போகுதா மேடம்?”

அவர் சொன்னது சரி. வேதாகமத்தில் அந்தச் சொல் வரி வசூலிப்பவரைக் குறிக்கிறது. இன்றைய இங்கிலாந்தில் அது மதுக்கடை நடத்துபவரின் பெயர். தப்பைத் திருத்திவிட்டேன், ஆனால் ரோஷம் போகவில்லை. ஏற்கெனவே பதிவு செய்திருந்த நீலகிரிப் பயணத்துக்கு ஸ்வெட்டர், குடையோடு இந்தச் சொல்லும் சேர்ந்து கிளம்பிவிட்டது.

காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் ரயில் புறப்பட்டது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை. நீராவி இஞ்சின் பின்னால் நின்று முக்கி முக்கித் தள்ளுகிறது, நாம் முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து போகிறோம். 1899இல் குன்னூர் வரை போட்ட பாதை. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற்றம். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது ஒரு குரங்கு என் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மிக மரியாதையாக எடுத்துக்கொண்டு போனது.

அதைப் பார்த்துச் சிரித்த எதிர் இருக்கைப் பெரியவர், தன் பையிலிருந்து நிலக்கடலை எடுத்து நீட்டினார். பேச்சு வளர்ந்தது.

“எந்த ஆபீஸ்லைங்க ஐயா இருந்தீங்க?”

“ரெவின்யூங்க அம்மிணி. கடைசி நாலு வருசம் கலால்ல போட்டுட்டாங்க.”

கலால் என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கோ காதில் தேன் பாய்ந்தது.

“கலால்னா என்ன அர்த்தங்க?”

“வரிதானுங்க.”

“வரி சரிங்க. அந்தச் சொல்லுக்கு?”

கடலைத் தோலை ஊதிவிட்டு யோசித்தார். “கள்ளால வர்றது, அதனால கலால். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். அது சரி, உங்களுக்கு எதுக்கு அம்மிணி இந்த ஆராய்ச்சியெல்லாம்?”

கள்ளால், கலால். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் ளகரம் லகரமானது எப்படி என்று கேட்டால் கதை நின்றுவிடும். கலால் நமக்கு இந்துஸ்தானி வழியாக வந்த சொல். வடக்கே அது வரியின் பெயரே கிடையாது, ஆளின் பெயர். சாராயம் காய்ச்சி விற்பவர் கலால். கல்வார் என்பதும் அதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலம் சமஸ்கிருதத்தின் ‘கல்யபால’. கல்யம் என்றால் மது, பால என்றால் காப்பவர். கல்யமும் நம் கள்ளும் காதுக்கு அக்கா தங்கை போலத்தான் படுகின்றன. காதை நம்பி ஒருமுறை சூடுபட்டவள் என்பதால் அதை அங்கேயே விடுகிறேன்.

கல்யபாலர்களில் அரசரைப் பெற்ற குடும்பமும் உண்டு. காஷ்மீர் அரசர்களின் வரலாறு சொல்லும் கல்ஹணரின் ராஜதரங்கிணியில் வரும் கதை இது: காஷ்மீரில் ஆகுவா என்ற ஊரின் கல்யபாலன் ஒருவனுடைய மகள் ஜயாதேவி, அரசன் லலிதாபீடனின் ஆசைநாயகியானாள். அவள் பெற்ற பிள்ளை சிறுவனாகவே அரியணை ஏற, தாய்மாமன்கள் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாமன்மார் வழியில் வந்தவன்தான் 855இல் பட்டத்துக்கு வந்த அவந்திவர்மன். காஷ்மீரின் பெயர்பெற்ற அரசர்களில் ஒருவன்.

சரி, ஆளின் பெயர் எப்படி வரியின் பெயரானது? அதற்குப் பதில் எதிர் இருக்கையிலேயே இருந்தது. 1981இல் தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் மறுபடி திறந்துவிடப்பட்டபோது பெரியவர் இளநிலை உதவியாளர்.

“ஏலத்தன்னிக்கு ஆபீஸ் வாசல்ல கார் நிறுத்த எடம் இருக்காதுங்க. எந்தக் கடை எவ்வளவுக்குப் போகுதுன்னு நாங்க எழுதிக்கிட்டே இருப்போம். ஏலம் எடுத்தவரு கவர்மென்டுக்குக் கட்டீருவாரு. அப்புறம் குடிக்கறவங்ககிட்ட அவரு எடுத்துக்குவாரு.”

வெள்ளைக்காரன் காலத்திலும் இந்தக் குத்தகைதான். விற்கும் உரிமையே ஏலத்துக்கு வந்தால், விற்பவரே வரி தண்டுபவராகவும் ஆகிவிடுகிறார். குடிப்பவன் நீட்டும் காசில் எது சரக்குக்கு, எது சர்க்காருக்கு என்று பிரிக்க முடியாது. அந்த மயக்கத்தில் ஆளின் பெயர் வரிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

குன்னூரில் இறங்கும்போது பெரியவர், “கள்ளால வர்றதுன்னே வெச்சுக்கங்க அம்மிணி, சுலபமா இருக்கும்” என்றார்.

இரண்டாம் நாள்: ஊட்டி

ஞாயிறு. ஊட்டியில் இருக்கும் என் கல்லூரித் தோழி காலையிலேயே வந்து, “வாடி, ஆராதனைக்குப் போயிட்டு அப்படியே பிரியாணி சாப்பிடலாம்” என்று இழுத்துப் போனாள். பிரியாணிக்காகத்தான் போனேன்.

அங்கே படித்தது லூக்கா 18. ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போன இரண்டு பேர், பரிசேயன் ஒருவன், ஆயக்காரன் ஒருவன். ஆயக்காரன் தூரத்திலே நின்று மார்பில் அடித்துக்கொண்டு, ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்கிறான். எனக்கும் மார்பில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஊர் ஊராகத் தேடி வந்து உதைக்கிறதே இந்தச் சொல்!

ரோமர்கள் வரி வசூலை ஏலம் விட்டார்கள். ஒரு மாகாணத்தில் இவ்வளவு தேறும் என்று கேட்டு எடுப்பவர், அரசுக்குக் கட்டவேண்டியது போக மிச்சத்தைத் தன் சாமர்த்தியம்போல் கறந்துகொள்வார். அப்படி எடுத்தவர்கள் ‘புப்ளிகானி’, அதாவது ‘புப்ளிகும்’ என்ற பொதுப்பணத்தைக் கையாள்பவர்கள். யூதேயாவின் சில்லறை வசூல்காரர்களுக்கும் லத்தீன் வேதாகமம் இந்தப் பெயரையே கொடுத்தது. பாவிகளோடு சேர்த்து எண்ணப்பட்டவர்கள் அவர்கள். மத்தேயு உட்கார்ந்திருந்த இடத்தைத் தமிழ் வேதாகமம் ‘ஆயத்துறை’ என்கிறது. காட்டத்தி மரம் ஏறிய சகேயு, ‘ஆயக்காரருக்குத் தலைவன்’.

1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் பப்ளிகன் என்றால் வரிக்காரர்தான். மதுக்கடைக்காரர் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. ‘பப்ளிக் ஹவுஸ்’ நடத்துபவர் பப்ளிகன், அவ்வளவுதான். பாதி விளையாட்டாக ஒட்டிய பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரம் தவறாமல் கோவிலில் பப்ளிகனைப் பற்றிக் கேட்டவர்கள், தெருமுனைக் கடைக்காரரை அதே பெயரில் கூப்பிட்டால் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்?

பிரியாணிக் கடையில் காத்திருக்கும்போதுதான் உறைத்தது. இங்கிலாந்தில் வரிக்காரன் பெயர் மதுக்கடைக்காரனுக்குப் போயிருக்கிறது. நம் ஊரில் மதுக்கடைக்காரன் பெயர் வரிக்குப் போயிருக்கிறது. இரண்டு சொல்லும் ஒரே பாதையில் எதிரெதிராக நடந்து, நடுவில் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டியிருக்கின்றன! தோழியிடம் சொன்னேன். “லெக் பீஸ் உனக்கா எனக்கா?” என்றாள்.

மாலையில் புனித ஸ்தேவான் ஆலயம் வரை நடந்தோம். 1830 வாக்கில் எழுந்த மஞ்சள் கட்டடம். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றியவை. சொற்கள் மட்டும்தான் இடம் மாறுமா என்ன.

மூன்றாம் நாள்: மழை

விடியலிலிருந்து மழை. விடுதியில் ‘24 மணி நேரமும் வெந்நீர்’ என்று எழுதியிருந்தது. எந்த 24 மணி நேரம் என்று எழுதவில்லை.

கொஞ்சம் விட்டதும் குடையோடு கலெக்டர் அலுவலகப் பக்கம் போனேன். ‘உதவி ஆணையர் (கலால்)’ என்ற பலகையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. வட இந்தியச் சாராயக்காரர் ஒருவர் இந்தக் குளிரில் அடைப்புக்குறிக்குள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. சென்னைத் தலைமைச் செயலகத்திலோ துறையின் பெயர் ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை’. சங்கப் பாடல்களில் தலைவியின் தோழியர் கூட்டம் ஆயம், பசுக்கூட்டமும் ஆயம். இது அந்த ஆயம் கிடையாது, வருவாய் என்ற ஆயம். மத்தேயு உட்கார்ந்திருந்த துறையில் இருக்கும் அதே ஆயம். ஆக, நான் செய்த தப்பில் பாதியை அரசாங்கமும் செய்து வைத்திருக்கிறது. மதுவுக்குப் பக்கத்தில் ஆயத்தை உட்காரவைத்தவள் நான் மட்டும் இல்லை. இதைத் திருத்துபவருக்கு எழுதி அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பில் பாஸாகட்டும்.

மறுபடி மழை. எதிரே டாஸ்மாக் தெரியும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். ‘தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்’. 1983இல் தொடங்கிய நிறுவனம், 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையும் அதனுடையதே. பெயரில் மது என்ற எழுத்தே கிடையாது. உள்ளே இருப்பவர்கள் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர். துணிக்கடையிலும் அதே பெயர்தான். நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். ஒருவர் கோணிப்பையில் பாட்டில்களோடு வந்து வரிசையில் நின்றார். அவருக்குத் திருவிழா.

விற்பனையாளர் என்ற வறட்டுப் பெயருக்கு முன்னால் நம்மிடம் எத்தனை பெயர் இருந்தது! பிழி என்றால் கள், அதனால் பிழியர். சிலப்பதிகாரத்தின் புகார்த் தெருவில் அப்பம் விற்கும் கூவியரோடு வரிசையாக வருகிறவள் கண்ணொடையாட்டி. கள் நொடை ஆட்டி, கள்ளை விலைக்குக் கொடுக்கும் பெண். அதே காப்பியத்தின் வேட்டுவர் பாடலில் அவள் கள்விலையாட்டி. கடன் கொடுக்க மறுக்கிறாள், பொறுக்காத மறவன் வில்லை எடுத்துக்கொண்டு மாடு பிடிக்கக் கிளம்பிவிடுகிறான். பழைய பாக்கி எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள்.

எனக்குப் பிடித்த பெயர் நிகண்டில் வரும் துவசர். துவசம் என்றால் கொடி. கடைமுன்னால் கொடி கட்டியவர், துவசர். சமஸ்கிருதத்தில் த்வஜின் என்றாலும் கள் விற்பவரே. மனுஸ்மிருதி கடையையே சுருக்கமாகக் ‘கொடி’ என்கிறது, ஒரு கணக்கும் போடுகிறது: பத்துக் கொலைக்களம் ஒரு செக்குக்குச் சமம், பத்துச் செக்கு ஒரு கொடிக்கு, பத்துக் கொடி ஒரு பரத்தையர் விடுதிக்கு, பத்து விடுதி ஓர் அரசனுக்கு. பாவக்கணக்கில் ஓர் அரசன் நூறு கள்ளுக்கடை. அரசே கடை வைத்தால் எப்படிக் கூட்டுவது என்று அதில் சொல்லவில்லை.

கொடியைத் தமிழ்ப் பாட்டுகளும் பார்த்திருக்கின்றன. பட்டினப்பாலையில் ‘நறவுநொடைக் கொடி’. மதுரைக்காஞ்சியில் ‘கள்ளின் களிநவில் கொடி’. பெரும்பாணாற்றுப்படையில் ‘பைங்கொடி நுடங்கும் பலர்புகு வாயில்’. இங்கிலாந்திலும் ஏல் என்ற பீர் காய்ச்சி விற்பவர் கடைக்கு வெளியே அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று 1393இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் உத்தரவு போட்டிருக்கிறான். அங்கே தரம் பார்க்க வரும் அதிகாரிக்குக் கடை தெரியவேண்டும் என்ற நோக்கம்.

மூன்றாவது டீக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கொடி பறக்கும் அந்த மூன்று இடமும் புகார், மதுரை, பிறகு கப்பல் வரும் ஒரு துறைமுகம். எல்லாம் ஊர் தெரியாதவன் வந்திறங்கும் இடங்கள். மலைக்கு வந்தால் பாட்டு மாறுகிறது. ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல், குன்றகச் சிறுகுடிக் கிளையுடன் மகிழ்ந்து’ என்கிறது திருமுருகாற்றுப்படை. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள்ளை உறவோடு உட்கார்ந்து குடிக்கிறார்கள். விலையும் இல்லை, விற்பவளும் இல்லை, கொடியும் இல்லை. கொடி கட்டுவது அந்நியனுக்காக. துவசர் என்பது வழிப்போக்கன் வைத்த பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். தெருவிலேயே இருப்பவனுக்கு எதற்குக் கொடி?

இந்த மலைக்குக் கடைக்காரரைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் ஏறி வந்தார், பின்னாலேயே பட்டாளமும் பங்களாவும், கூடவே பீரும். 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய பீர் ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கியபோது, நீலகிரி ஆலையும் அதில் இருந்தது. குளிர்ந்த ஊரும் சுத்தமான தண்ணீரும் பீருக்கு உகந்தவை.

டீக்கடைக்காரர், “மழை விட்டு அரை மணி நேரம் ஆச்சுங்கக்கா” என்றார்.

நான்காம் நாள்: கூடலூர் வழியாகச் சேரம்பாடி

காலை பஸ். பைகாரா, நடுவட்டம், பிறகு இறக்கம், கூடலூர், பந்தலூர். நடுவட்டத்தில் யூகலிப்டஸ் வாசம். வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் இயற்கை வர்ணனை எதிர்பார்க்கவேண்டாம்.

சேரம்பாடிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம், டேன்டீ. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்க 1968இல் ஆரம்பித்தது. தோழியின் தெரிந்தவர் வீட்டில் மதியச் சாப்பாடு. வீட்டின் பாட்டி அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து இங்கே வந்து சேர்ந்தவர்.

கேரள எல்லை கூப்பிடு தூரம். அங்கே கடையைக் ‘கள்ளு ஷாப்பு’ என்பார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் ‘கள்ளு’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள், அந்த ஊர் துவசம். ஏலம் எடுத்தவர் அங்கே ‘அப்காரி’. பாரசீகத்தில் ஆப் தண்ணீர், காரி வேலை. 1886இல் சென்னை மாகாணம் போட்ட மதுச் சட்டத்தின் பெயரும் அப்காரிச் சட்டம்தான். தண்ணி என்று நாம் இன்று சொல்வதைப் பாரசீகர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள் போல.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, பாட்டி குறுக்கே வந்தார்.

“நீ என்னா புள்ள கடை கடைங்கற? எங்க ஊர்ல அதுக்குத் தவறணைன்னு பேரு.”

தவறணை! அச்சில் படித்த சொல், ஆள் வாயில் இன்றுதான் கேட்டேன். ஐரோப்பியர் கப்பலோடு இலங்கைக்கு வந்தது. போர்த்துக்கீசியத்தில் தவெர்னா, லத்தீனில் தபெர்னா, குடிசைக் கடை. ஆங்கிலக்காரனின் டேவர்னும் அந்த வயிற்றுப் பிள்ளை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பாட்டியே விளக்கம் கொடுத்துவிட்டார்.

“தவறி விழுற எடம்ல்ல, அதான் தவறணை.”

ரயிலில் வந்த பெரியவரை நினைத்துக்கொண்டேன். கள்ளால் வருவது கலால், தவறி விழுவது தவறணை. இந்த முறை நான் திருத்தவில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

“தவறணை வெச்சிருந்தவரை என்னன்னு கூப்பிடுவீங்க பாட்டி?”

“ஆம்பளைங்க அண்ணேம்பாங்க. வயசானவரா இருந்தா மாமாம்பாங்க.”

“நீங்க?”

பாட்டி முறத்திலிருந்த அரிசியைப் புடைப்பதை நிறுத்தவில்லை. “நாங்க ஏன் அந்தாளைக் கூப்பிடுறோம்? சம்பளத்தன்னைக்கு வாசல்ல நின்னு எங்க வீட்டு மனுசனைத்தான் பேரு சொல்லாம கூப்பிடுவோம். இந்தாங்க, இந்தாங்கன்னு. உள்ள இருக்கற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பானுங்க.”

முறத்தில் கல் ஒன்று அகப்பட்டது. எடுத்து வாசல் பக்கம் எறிந்தார்.

“நாலரை பஸ்ஸை விட்டா அப்புறம் ஆறு மணிக்குத்தான் புள்ள. கெளம்பு.”